சாட்சிக் கையெழுத்து

எங்கள் மேல்வீட்டில் காற்று நன்றாக வரும். மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் பகலில் மின்விசிறியே வேண்டியதில்லை. தண்ணீருக்கும் குறை கிடையாது. கரித்தூள் மட்டும் உண்டு, அது நெய்வேலியில் எந்த வீட்டுக்குப் போனாலும் உண்டு. வெள்ளைத் துணியை மாடியில் காயப்போட்டால் இரண்டு முறை உதறித்தான் எடுக்க வேண்டும். குடிவருகிறவர்களிடம் இதையெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். மறைத்துப் பேசிப் பழக்கமில்லை.

நடந்ததை உங்கள் கைப்பட எழுதித் தாருங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். என் பெயர் பிரபாவதி. வயது அறுபத்திரண்டு. என் கணவர் சிவக்குமார் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. கீழே நான், மேலே வாடகைக்கு. மேலே இருந்தவர்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பதினாறாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸில் இருபத்தொன்பது வருடம் இருந்தோம். வாசலில் இரண்டு பலா, பின்னால் ஒரு நாவல். அவர் ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அது எல்லோருக்கும் உள்ள விதிதான், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சாவி கொடுத்த அன்று ஏதோ ஒரு தாளில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். இங்கே வந்து சில வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பத்தாம் நாள் பீரோவைத் துழாவும்போது அந்தத் தாள் கிடைத்தது. நிறைய எண்கள், கடைசியில் ஒரு பெரிய தொகை, அதற்கு அடியில் என் கையெழுத்து. அவர் வைத்துவிட்டுப் போன கடன், அதை நான்தான் கட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரம். வாசலில் எந்த பைக் நின்றாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். சோறு இறங்காது. நல்லது கெட்டது எதற்கும் வெளியே போகவில்லை, கோயிலுக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் இரண்டு வீடு தள்ளி இருக்கிற அறிவுச்செல்வனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கணக்குப் பிரிவில் இருந்தவர், இப்போது வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து மனுவும் ஒப்பந்தமும் அடித்துக் கொடுக்கிறார். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இது என்னிக்கோ செட்டில் ஆன கணக்கு. ஒத்த ரூபா பாக்கி இல்ல. அப்படியே பாக்கி இருந்தாலும் நீங்க போட்டது சாட்சிக் கையெழுத்து. பொண்டாட்டின்னாலும் சாட்சி சாட்சிதான். புருஷன் பட்ட கடன் அதனால உங்க தலையில வந்து விழாது."

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். நிம்மதியாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த மூன்று வாரமும் என்னை யாரும் கட்டிவைக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தாள் பீரோவில் இருந்தது. நான் எங்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு மேல்வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த பையன்கள் எட்டு மாதம். வங்கிக்காரக் குடும்பம் ஒரு வருடம். ஒவ்வொரு முறை அவர்கள் காலி செய்யும்போதும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மேலே காலடிச் சத்தம் இல்லாத வீட்டில் பகலிலும் உட்கார முடியாது. குக்கர் விசில் கேட்காது, பக்கெட் நகர்த்துகிற சத்தம் கேட்காது. நான் செத்துக் கிடந்தால் வாடை வந்துதான் தெரியும் என்று தோன்றும். இது பெரிய விஷயமா என்று உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்கும்.

இளம்பரிதி போன வருடம் ஜூன் மாதம் வந்தான். ராணுவத்தில் நாயக். குள்ளஞ்சாவடிக்கு உள்ளே ஒரு ஊர். அப்பா அம்மா கூலி வேலை. அந்தத் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் பையன். மகளை டவுன்ஷிப் பக்கம் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று லீவில் வந்து வீடு தேடினான். மனைவி மணிமொழிக்கு இருபத்தைந்து வயது. மகள் எழில்மதிக்கு அப்போது மூன்றரை. நான் கதவைத் திறந்ததும் அந்தக் குழந்தை என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடி என் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

அறிவுச்செல்வனிடம் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் அடிக்கச் சொன்னேன். நடுவில் காலி செய்தால் மிச்ச மாத வாடகை முழுவதும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"பதினொரு மாசத்துக்கு மேல போட்டா ரிஜிஸ்டர் பண்ணணும்க்கா. இல்லேன்னா இந்த வரியெல்லாம் கோர்ட்டுல நிக்காது" என்றார்.

"சும்மா ஒரு பிடிப்புக்கு இருக்கட்டும்" என்றேன். அவர் அடித்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை.

இளம்பரிதிக்கு மறுநாள் ரயில். படித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று அறிவுச்செல்வன் போட்டார். இன்னொரு ஆளுக்கு எங்கே போவது என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நீயே போடு புள்ள" என்றான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மணிமொழி. அதற்கு நான் காரணமில்லை. அதை நான் கேட்டு வாங்கவில்லை.

பதினைந்து மாதம் நன்றாக இருந்தோம். குழந்தை என்னைக் கீழாயா என்று கூப்பிடும். கீழே இருக்கிற ஆயா, அதனால் கீழாயா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேலே போகாமல் என் வீட்டுக்குத்தான் வரும். பையை ஊஞ்சலில் வீசும். ரவா கேசரி என்றால் உயிர். சேமியா மட்டும் தொடாது. புழு மாதிரி இருக்குது என்று தட்டைத் தள்ளிவிடும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை மணிமொழி படியில் திமுதிமுவென்று இறங்கி வந்தாள். அவள் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

"அம்மா, அவருக்கு டெல்லிக்கு அந்தாண்ட அம்பாலாவுல போஸ்டிங்கு வந்துட்டுதும்மா. குவார்ட்டர்ஸும் குடுத்துட்டாங்களாம். மூணு வருசம் ஒண்ணா இருக்கலாம்மா. கல்யாணமாயி இத்தினி வருசத்துல அவரோட சேந்தாப்புல ரெண்டு மாசம் இருந்ததில்ல."

செப்டம்பர் முப்பதுக்குள் குடும்பம் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குவார்ட்டர்ஸ் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. குவார்ட்டர்ஸ் விஷயம் எனக்குப் புரியாதா.

சந்தோஷம்மா என்றேன். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். பிறகுதான் ஒப்பந்தத்தை எடுத்து வந்து காட்டினேன். இருபத்தொரு மாதம் மிச்சம் இருந்தது. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் வந்தது. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்ட அவ்ளோ காசு இல்லம்மா. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன லோனே போயிகினு இருக்கு."

"அவர்கிட்ட இல்லேன்னா என்னம்மா, நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்கே."

"நான் சாட்சிக்குத்தானம்மா போட்டேன்."

"சாட்சின்னா என்னன்னு நினைச்சே?"

இவ்வளவுதான் கேட்டேன். நீ கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு கேள்விதான் கேட்டேன், மிச்சத்தை அவளே நினைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்தப் பயம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பயம்தான். எங்கே ஆரம்பித்து எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கிட்ட சொல்லிப் பாக்கறேன் என்று எழுந்தாள். சொல்லாதே என்றேன். பட்டாளத்துக்காரன் மனைவிகள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது நடந்தாலும் போனில் சொல்ல மாட்டார்கள். மாமனார் விழுந்து கால் உடைந்தால்கூட எல்லாம் நல்லாயிருக்கோம் என்றுதான் சொல்வார்கள். அவன் அங்கே துப்பாக்கி பிடித்துக்கொண்டு நிற்கிறான், மனசு கலங்கினால் கை தவறிவிடும் என்று பயம். மணிமொழியும் அப்படித்தான். நான் அதை ஞாபகப்படுத்தினேன். பிறகு, இந்த மாதிரி விவகாரம் யூனிட்டுக்கு எழுத்தில் போனால் சர்வீஸில் கறுப்புப் புள்ளி ஆகிவிடுமாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதுவும் கேள்விதான்.

திங்கட்கிழமை ஒரு நீளக் கவர் வாங்கினேன். கமாண்டிங் ஆபீசர் என்று எழுதி, இளம்பரிதியின் யூனிட் பெயரும், கேர் ஆஃப் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரியும் கொட்டை எழுத்தில் எழுதினேன். தபால்தலை ஒட்டினேன். டிவி மேல் சாய்த்து வைத்தேன். அனுப்பவில்லை. அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை. அவள் தண்ணீர் மோட்டார் போட வரும்போது கண் அங்கே போகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மோட்டார் போட வேண்டும்.

நான் குரல் உயர்த்தியதே இல்லை, விசாரித்துப் பாருங்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் மாறிப்போனாள். படியில் சத்தமில்லாமல் ஏறி இறங்கினாள். குழந்தை மேலே ஓடினால் "ஓடாத, கீழ கேக்கும்" என்று அதட்டுவது எனக்குக் கேட்கும். எனக்கு வேண்டியிருந்ததே அந்தக் காலடிச் சத்தம்தான், அது அவளுக்குப் புரியவில்லை. காலையில் நான் எழுந்திருப்பதற்குள் என் வாசலையும் சேர்த்துப் பெருக்கிக் கோலம் போட்டிருப்பாள். கேட்காமலேயே என் பாத்திரத்தைத் துலக்கினாள். நான் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பழைய குழம்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய், பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவாள். ஒரு நாள் அப்படியே மிச்சம் வைத்துத் திருப்பியபோது, பிடிக்கலையாம்மா என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் எதையும் மிச்சம் வைத்துத் தந்ததில்லை.

சுடிதார் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டாள். சாப்பிடும்மா, எதுக்குப் பயப்படறே என்று நான்தான் சொல்வேன்.

இளம்பரிதி அவளிடம் போனில் கேட்பான். குழந்தைக்குப் பரீட்சை என்பாள், காய்ச்சல் என்பாள், டிக்கெட் இல்லை என்பாள். ஒரு மத்தியானம் எனக்கே போன் செய்தான்.

"ஏம்மா, அவளுக்கு என்னம்மா? வரேன் வரேன்னு சொல்றா, கெளம்ப மாட்டேங்கறா. அங்க எதாச்சும் பிரச்சினையா? எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

அப்போது அவள் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் அவளுக்காகத்தான், ஒரு பிரச்சினையும் இல்லப்பா, நல்லாயிருக்கா என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

செப்டம்பர் முப்பது தாண்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வேறு ஆளுக்குப் போகும், இவர்கள் இங்கேயே இருப்பார்கள், கவரைக் கிழித்துப் போட்டுவிடலாம். பழையபடி குழந்தை ஊஞ்சலில் ஆடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இருபத்துநான்காம் தேதி மணிமொழியும் அவள் அம்மா சாமியம்மாளும் வந்தார்கள். சாமியம்மாள் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மஞ்சள் பையைத் தரையில் வைத்தார். பையில் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் இருந்தது. மணிமொழியின் கழுத்தில் தாலிச்சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு இருந்தது. காதில் கம்மலுக்குப் பதில் குச்சி. ரெண்டு கறவை மாட்டையும் விற்றுவிட்டார்களாம்.

"எண்ணிக்குங்கம்மா. எம்பொண்ண வுட்ருங்க. புருசன்கூட வாழ போவட்டும்" என்று சாமியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார்.

எனக்குப் பணம் எதற்கு. அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை, நீங்கள்தான் பீரோவிலிருந்து எடுத்து எண்ணினீர்கள். ஒரு ரூபாய் குறைந்திருந்ததா? அன்றைக்கு அவர்கள் மாடு விற்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. இனி என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. மணிமொழி டிவி மேல் இருந்த கவரைப் பார்த்தாள்.

"அம்மா, அது..."

"நீ நல்லபடியா ஊர் போய்ச் சேரும்மா. அப்புறம் கிழிச்சிடறேன்."

தலையாட்டினாள்.

இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர்களுக்குச் சென்னை பஸ். ராத்திரி அங்கே டெல்லி ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த ரயிலை விட்டால் அந்த வாரத்தில் வேறு டிக்கெட் இல்லை, முப்பதுக்குள் போய்ச் சேர முடியாது. ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரு மத்தியானம் மட்டும்தான். அவள் ஒரு மத்தியானம் தூங்கிவிட்டால் போதும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

என் கணவர் கடைசிக் காலத்தில் தூக்கம் வராமல் சாப்பிட்ட மாத்திரை மிச்சம் இருந்தது. காலம் கடந்தது, வீரியம் போயிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் தாராளமாகவே பொடி செய்தேன். சேமியாப் பாயசம் வைத்தேன். கசப்பு தெரியக் கூடாது என்று வெல்லமும் ஏலக்காயும் கூடுதலாகப் போட்டேன். சேமியாவை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன், குழந்தை அதைத் தொடாது. குழந்தைக்குத் தனியாக ரவா கேசரி கிளறினேன். அதில் ஒன்றும் கலக்கவில்லை. நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்கு அந்தக் கேசரியே சாட்சி. அந்தக் கிண்ணத்தையும் நீங்கள் எடுத்துப்போய்ச் சோதித்திருப்பீர்கள்.

பதினொரு மணிக்கு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளம்பும்போது இனிப்புச் சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்றேன். இரண்டு பை கட்டி வாசலருகே வைத்திருந்தாள். சாமியம்மாள் முதல் நாளே ஊருக்குப் போய்விட்டார். மணிமொழி முகம் வெளுத்திருந்தது. முதல் முறை அவ்வளவு தூரம் தனியாகப் போகிறாள். காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை என்றாள். குடிச்சிட்டுப் பாத்திரத்தைக் குடும்மா என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறைந்தது. ஆனால் நின்றது பெரிய காலடி இல்லை, சின்னது. பெரியது நடந்துகொண்டேதான் இருந்தது. எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டேகால் மணிக்கு அவளே பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிச்சியாம்மா?"

அவள் தயங்கினாள். "கோச்சுக்காதீங்கம்மா. ரெண்டு வாயி வெச்சேன், கொமட்டிகினு வந்துட்டுது. நீங்க ஆசையா குடுத்தத கொட்ட மனசு வரல. வடிகட்டி பாலு மட்டும் பாப்பாவுக்கு குடுத்தேன். சேமியா இல்லன்னதும் மடமடன்னு குடிச்சிட்டா. இப்ப தூங்கறா."

பாத்திரம் காலியாக இருந்தது. துடைத்த ஈரம்கூட இல்லை.

நான் பிள்ளை பெற்றவள் இல்லை. தனக்கு இறங்காததைத் தாய் வடிகட்டிக் குழந்தைக்குக் கொடுப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும். பெற்றவளாக இருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அப்போது மணி பன்னிரண்டேகால். தெருமுனையில் ஆட்டோ நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆமாம், எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இன்னொன்றும் தோன்றியது. குழந்தை தூங்கினாலும் அவளால் போக முடியாது. இரண்டு பை, தூங்குகிற குழந்தை, எப்படித் தூக்குவாள். எப்படியோ ஒன்று, மத்தியானம் கடந்துவிடும். குழந்தை சாயங்காலம் எழுந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு ஆட்டோ வந்தது. அவள் மேலே எழில், எழில் என்று எழுப்புகிற சத்தம் கேட்டது. பிறகு கீழாயா என்று என்னைக் கூப்பிட்டாள். குழந்தை கூப்பிடுகிற பெயர். நான் போனேன். குழந்தை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. புது கவுன், ஒரு காலில் மட்டும் ஷூ. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், தலை அப்படியே சாய்ந்தது.

"எழுந்திரிக்கவே மாட்டேங்கறாளேம்மா. எனக்குப் பயமா இருக்கும்மா."

"குழந்தைங்க அப்படித்தாம்மா தூங்கும். நேத்து ஆட்டம் போட்டுச்சில்ல. தூங்கற புள்ளையை எழுப்பாதே."

கீழே வந்து ஆட்டோக்காரரை நான்தான் திருப்பி அனுப்பினேன். இன்றைக்குப் போகவில்லை என்றேன். இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற சத்தம் கேட்டது. சென்னை பஸ் போயிருக்கும். அவள் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து மூக்கின் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிவாக்கில் மூச்சு விட்டு விட்டு வந்தது. உதடு நிறம் மாறியது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "கொழந்தை எதாவது முழுங்குச்சா? மாத்திரை எதாவது? சொன்னாத்தான் மருந்து கொடுக்க முடியும்." இல்ல, இல்லங்க, ஒண்ணும் இல்லங்க என்று மணிமொழி அழுதாள். டாக்டரம்மா என்னையும் பார்த்தார். காலையில் ஒளித்துவைத்த மாத்திரை அட்டை என் மணிபர்சில் இருந்தது. பர்ஸ் என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தே காலுக்கு முடிந்துவிட்டது.

இதுதான் நடந்தது. பாயசத்தில் கலந்தது நான். பன்னிரண்டேகால் மணிக்குத் தெரிந்தும் சொல்லாதது நான். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது நான். டாக்டரம்மா கேட்டபோது பேசாமல் நின்றது நான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, சுயநினைவோடு எழுதுகிறேன்.

ஆனாலும் நியாயத்தை நியாயமாகப் பேச வேண்டும். அவள் பாயசத்தை அப்படியே மிச்சம் வைத்துத் திருப்பித் தந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்மேல் அவ்வளவு பயம் எதற்கு? பயப்படாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். டிவி மேல் இருந்த கவரை நீங்கள் கிழித்துப் பார்த்தீர்களே, உள்ளே என்ன இருந்தது? வெறும் கவர். அதை அவளிடம் யாராவது காட்டுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் புருஷன் கடனுக்குப் பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அவள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. மஞ்சள் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இளம்பரிதி வந்துவிட்டான் என்றும், அவளைக் குள்ளஞ்சாவடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான் என்றும் அந்தப் பெண் போலீஸ் சொன்னாள். போகட்டும். துக்கம் இருக்கும். ஆனால் கட்டின பைகள் இரண்டும் மேல்வீட்டு வாசலருகே அப்படியேதான் இருக்கின்றன. குழந்தையின் ஒற்றை ஷூவும் அங்கேதான் இருக்கிறது. சாமானை விட்டுவிட்டு யாரும் வீட்டைக் காலி செய்ததாக ஆகாது. நான் வருகிறவரைக்கும் வேறு யாருக்கும் அந்த வீட்டை விட வேண்டாம் என்று அறிவுச்செல்வனிடம் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் இருபது மாதம் இருக்கிறது, அவள் எங்கே போய்விடப் போகிறாள்.